சிலப்பதிகாரத்தை வட்ஸ்அப் உரையாடலாக மாற்றிப் படிப்பிக்கலாமா?

வலிகாமம் ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வலிகாமம் பக்கத்தில் ஒரு கலவன் பாடசாலையில் தரம் 9, தரம் 10 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழ் மன்றத்துக்காக இந்தத் தவணை சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை, அதாவது கோவலன் கொலையுண்ட பிறகு கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் பகுதியை, எடுத்தோம். மூலத்தை நேரே கொண்டுபோனால் முதல் வரியிலேயே பிள்ளைகள் களைத்துவிடுவார்கள் என்று, அந்தக் காட்சியை வட்ஸ்அப் உரையாடலாக எழுதிக் கொடுத்தேன். அரண்மனைக்கு ஒரு குழு. அதில் பொற்கொல்லன் "கள்வன் பிடிபட்டான்" என்று செய்தி போடுகிறான். அரசன் பார்த்துவிட்டு "சரி, முடியுங்கள்" என்று பதில் போடுகிறான். பிறகு கண்ணகி தனியாக அரசனுக்குச் செய்தி அனுப்புகிறாள். இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருக்கிற பெடியன்கள்கூட எழும்பி நின்று வாசித்தார்கள். அடுத்த கிழமை மூலத்தில் முப்பது வரியைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், இதைத்தானே போன கிழமை படிச்சம், பிறகு ஏன் திரும்ப?" அவள் குழப்படிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. மூத்த சேர் ஒருவர், "இளங்கோவடிகளை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம்" என்றார். அண்மையில் நியமனம் பெற்று வந்த ஒருவர், "கதையும் கருத்தும் போய்ச் சேர்ந்தால் போதும், பாட்டு எதற்கு? பரீட்சைக்கும் பொழிப்பைத்தானே மனனம் செய்கிறார்கள்" என்றார். எனக்கு இரண்டு பேச்சிலும் மனம் நிற்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கோவலன் விட்டிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது கண்ணகி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?" இந்தக் காலப் பிள்ளைகளுக்காகக் கண்ணகியைக் கொஞ்சம் துணிந்து பேசுகிறவளாக மாற்றி எழுதலாமா? எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வத்தாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடம் தவறாமல் போய் வருகிற ஒரு பிள்ளைக்கு, அந்த அம்மனும் பாடத்தில் வருகிற கண்ணகியும் ஒருவரே என்பது தெரியாது. அதை அறிந்த பிறகு எனக்கு இந்த விடயத்தில் அக்கறை இன்னும் கூடிவிட்டது.

---

பயன்சொல்லி எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொல்லி வருகிறேன். இந்தப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசித்து, பிறகு துண்டு துண்டாகப் பிரித்து நிறுத்துவார். பக்கத்தில் இருக்கிறவர் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கேயே பொருள் விரித்துச் சொல்லுவார். அதைத்தான் பயன் சொல்லுதல் என்போம்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இந்தப் பழக்கத்தில் இருந்து வருவதுதான். கச்சியப்பர் பாடியது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எங்கள் பாட்டிமாருக்கும் சூரபன்மன் கதை தெரிந்திருந்தது. கதை மட்டுமல்ல, போர்க்களத்தில் அவன் முருகனைப் பார்த்து "கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப் பாலன் என்று இருந்தேன்" என்று சொல்லும் பாட்டே மனப்பாடமாக இருந்தது. அவர்களுக்காக ஒருவரும் பாட்டைச் சுருக்கவில்லை, சொல்லை மாற்றவில்லை. பாட்டு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த பேச்சுத்தான் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டு வந்தது. எனக்குப் பயன் சொல்லப் பழக்கியவர், சூரனுடைய ஆட்சியை விளக்கும்போது தன் இளமைக் காலத்து உடையார், விதானைமாரின் அதிகாரத்தை உதாரணமாகச் சொல்லுவார். இன்றைக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு அது விளங்காது. ஆகவே நான் வேறு உதாரணம் சொல்கிறேன். மாற்ற வேண்டிய இடம் அதுதான் ரீச்சர். எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆனால் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்து மாற்றுங்கள். பாட்டை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உங்கள் எழுத்தை இருத்த வேண்டாம்.

உங்கள் மூத்த சேருக்கு ஒன்று சொல்லலாம். பழையதைப் பிள்ளைகளுக்காக எளிமையாக்குவது இழிவான வேலை இல்லை. இந்த மண்ணில் அதைச் செய்து காட்டியவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்த நூல் வேண்டுமென்று பாலபாடங்களை எழுதினார். சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் பாடிய பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852இல் அச்சிட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். ஆனால் அதே நாவலர்தான் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடும், திருக்கோவையாரை நச்சினார்க்கினியர் உரை என்று அப்போது வழங்கியதோடும் பிழையறப் பதிப்பித்தவர். வசனம் எழுதிவிட்டோம், இனி மூலம் எதற்கு என்று அவர் இருக்கவில்லை. உங்கள் இளைய ஆசிரியருக்கு இந்த இரண்டாவது பாதியைச் சொல்லுங்கள்.

இனி வட்ஸ்அப். அதில் எனக்குள்ள தடை மரியாதை பற்றியது இல்லை. அந்தக் காட்சிக்கு அது பொருந்தவில்லை. வழக்குரை காதை முழுவதும் ஒரு பெண் நேரே வந்து நிற்பதில்தான் நடக்கிறது. அவள் வாசலில் நிற்கிறாள். காவலன் பார்த்துப் பயந்து உள்ளே ஓடுகிறான். அரசன் அவளுடைய கண்ணீரைப் பார்த்து "யாரையோ நீ" என்று கேட்கிறான். சிலம்பு அவன் கண் முன்னால் உடைகிறது, பரல் தெறித்து அவன் வாயில் படுகிறது. அவன் விழுகிறான். இதில் எதைச் செய்தியாக அனுப்பலாம்? கையில் போன் இருந்தால் கண்ணகி வீட்டிலிருந்தே சிலம்பைப் படம் பிடித்து அனுப்பியிருப்பாள், கோவலனும் தப்பியிருப்பான், கதையே இல்லை. பொற்கொல்லனின் செய்தியை அரசன் பார்த்ததும் பதில் போடுகிற இடம் மட்டும் நன்றாகப் பொருந்துகிறது. யோசிக்காமல், விசாரிக்காமல் ஒரு சொல்லில் உத்தரவு கொடுக்கிற தன்மையை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அதை வைத்திருங்கள்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "போன கிழமை படித்ததை ஏன் திரும்ப?" என்றாள். நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதது மூலத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று காட்டினால் அவளே திரும்பிப் படிப்பாள். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் தாளைக் கொடுக்கமாட்டேன். கொப்பி, பேனை எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்லிவிட்டு நான் உரத்து வாசிப்பேன். செய்யுளைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைக்குப் பயம் வருகிறது, காதால் கேட்டால் வருவதில்லை. கம்பனில் கும்பகருணனை எழுப்புகிற பாட்டைத் தரம் 6 பிள்ளைகளுக்கு வாசித்துப் பாருங்கள். "உறங்குகின்ற கும்பகன்ன, உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது இன்று காண், எழுந்திராய் எழுந்திராய்" என்று தொடங்கினால், "உறங்குவாய் உறங்குவாய் இனிக் கிடந்து உறங்குவாய்" என்று முடிவதற்குள் வாங்கு தட்டத் தொடங்கிவிடுவார்கள். தட்டட்டும். பொருள் பிறகு வரும். அதே மாதிரி வழக்குரை காதையில் "வாயிலோயே வாயிலோயே" என்று அவள் கூப்பிடும் இடத்தை மெல்லிய குரலில் வாசிக்க முடியாது. ஒரு பெண் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்து கூப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அரசன் "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுவேன். கள்வனைக் கொல்வது கொடுமை இல்லை, அதுதான் அரசநீதி என்கிறான். பிள்ளைகளிடம் கேட்பேன்: அவன் சொல்வது அந்தக் காலச் சட்டப்படி சரிதானே, அப்படியென்றால் அவன் விட்ட பிழை என்ன? பதிலைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். இந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும். பாடவேளை நாற்பது நிமிடமும் இதிலேயே போனாலும் போகட்டும். கடைசியில் யாரோ ஒரு பிள்ளை, "அவன் ஒருதரையும் கேக்கேல்லை சேர்" என்று கண்டுபிடிக்கும்.

மூன்றாவது, மணியா முத்தா என்கிற இடம். எனக்கு முழுக் காப்பியத்திலும் பிடித்த இடங்களில் ஒன்று. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று கண்ணகி முதலில் சொல்லிவிடுகிறாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் சொல்கிறான். இரண்டு பேருடைய சொல்லும் சபை முன் வந்த பிறகுதான் சிலம்பு உடைக்கப்படுகிறது. ஒரு வழக்கு எப்படி நடக்க வேண்டும் என்பது அந்த நாலைந்து வரியில் இருக்கிறது. கோவலனுக்குக் கிடைக்காத விசாரணையைக் கண்ணகியே வந்து நடத்தி முடிக்கிறாள். அரசனையும் பாருங்கள். அவள் கேட்டதும் "நீ சொன்னது நல்ல சொல்" என்று ஒப்புக்கொண்டு, தன் சிலம்பில் முத்து என்று உள்ளதைச் சொல்லுகிறான். எங்களுடையதிலும் மாணிக்கம்தான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே குழம்பியிருக்கும். அவன் சொல்லவில்லை. விசாரிக்காமல் கொன்றவனும் அவன்தான், பொய் சொல்லாதவனும் அவன்தான். சுருக்கக் கதைகளில் பாண்டியன் வெறும் கெட்டவனாகப் போய்விடுகிறான். பிள்ளைகளுக்கு விளங்காது என்று வெட்டுகிற இடங்களில்தான், பெரும்பாலும், பிள்ளைகள் யோசிக்க வேண்டிய விடயம் இருக்கிறது.

அதற்கு உங்கள் பெண் பிள்ளைகளின் கேள்வியே சாட்சி. கண்ணகி ஒன்றும் சொல்லவில்லை என்று யார் சொன்னது? கொலைக்களக் காதைக்குப் போங்கள். மதுரையில் மாதரி வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு, நான் வா என்றதும் நீ எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய் என்று கோவலன் மனம் வருந்திக் கேட்கிறான். அவள் பதில் சொல்கிறாள். நீங்கள் இல்லாததால் அறவோருக்குக் கொடுக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமல் இருந்தேன், உங்கள் தாய் தந்தையர் என் துயரத்தைக் கண்டு வருந்தினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். பெரியவர்கள் மதிக்காத நடத்தையைச் செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இதைவிடத் துணிந்து நீங்கள் எதை எழுதப்போகிறீர்கள்? பாடநூலுக்காகவும் சிறுவர் கதைக்காகவும் சுருக்கியவர்கள் இந்த வரியை விட்டுவிட்டு, அவளை வாய் பேசாத பெண்ணாக்கிவிட்டார்கள். இந்தத் தலைமுறைப் பெண் பிள்ளைகள் தேடுகிற கண்ணகி இளங்கோவடிகளிடமே இருக்கிறாள். மாற்றி எழுத வேண்டாம். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

இன்னொன்று. கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டிய விடயம். நான் படிப்பிக்கிற காலத்தில், கண்ணகி வாசலில் வந்து நின்றதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "எங்கட அம்மம்மாவும் மாமாவின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு கந்தோர் வாசலில நிண்டவா" என்றாள். நான் ஒன்றும் தொடுத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தால் முழு வகுப்புக்கும் பாட்டு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, விசாரணை இல்லாமல் ஒரு உயிர் போவதும் அதைக் கேட்க ஒரு பெண் வாசலில் போய் நிற்பதும் புதிய கதை இல்லை. இதைப் பாடமாக வலிந்து புகுத்த வேண்டாம், எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையாகச் சொன்னால் இடம் கொடுங்கள். இந்தக் காப்பியத்தை இன்றைக்குப் பொருத்தமாக்க வேண்டும் என்று நாம் போனையும் குழுவையும் தேடுகிறோம். அது ஏற்கெனவே பொருந்தித்தான் இருக்கிறது.

---

அண்ணாவி வீடு எழுதியது:

பயன்சொல்லி ஐயாவோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரே இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறேன். பாட்டுக்குள் இன்றைய பேச்சே வரக்கூடாது என்று சொன்னால் எங்கள் கூத்தும் இசைநாடகமும் நின்றிருக்காது. எங்கள் வீடு மூன்று தலைமுறையாக மேடையோடு வாழ்ந்த வீடு.

நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடும்போது சனம் அழுதது. அதே மேடையில் பபூனும் வந்து அன்றைய விலைவாசியையும் ஊர்ப் புதினத்தையும் கதைத்துவிட்டுப் போனான். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை, ஏனென்றால் யார் எந்தத் தமிழில் பேசலாம் என்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அரிச்சந்திரன் பபூனுடைய தமிழில் ஒருநாளும் பேசமாட்டான்.

ரீச்சர், இதை உங்கள் வகுப்புக்கு அப்படியே எடுக்கலாம். கண்ணகி, பாண்டியன், கோப்பெருந்தேவி மூவருக்கும் இளங்கோவடிகளின் வரி மட்டும். மற்றவர்களுக்கு, அதாவது மதுரைத் தெருவில் நிற்கிற இரண்டு பேர், அரண்மனை வேலைக்காரர், பொற்கொல்லனின் கடைப் பெடியன், இவர்களுக்கெல்லாம் பிள்ளைகளே யாழ்ப்பாணப் பேச்சில் எழுதட்டும். உங்கள் வட்ஸ்அப் குழுவுக்கும் இங்கே இடம் உண்டு. தெருவில் நிற்கிறவர்கள் "ஒரு கள்வனைப் பிடிச்சிட்டாங்களாம், படம் வந்திருக்கு" என்று ஆளுக்கு ஆள் காட்டலாம். ஒருவரும் உண்மையா என்று விசாரிக்க மாட்டார்கள். அரசன் செய்த பிழையை ஊரே செய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். கட்டியகாரனை, அதாவது கூத்தில் காட்சியை அறிவிக்கிறவனை, வைத்தால் காட்சிக்குக் காட்சி இணைக்கவும் வசதி.

விடிய விடிய ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கி மேடையேற்றினார். கர்ணன் போர் அப்படி வந்ததுதான். நேரத்தைக் குறைத்தார், ஆட்டத்தைச் செறிவாக்கினார், ஆட்டமும் பாட்டும் இல்லாத வசன நாடகமாக மட்டும் ஆக்கவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும். எதைச் சுருக்கினாலும் ஆட்களின் எண்ணிக்கையையும் காட்சியையும் சுருக்குங்கள், உச்சத்தில் வருகிற பாட்டைச் சுருக்க வேண்டாம்.

---

தீவாள் எழுதியது:

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தமிழ் என் பாடம் இல்லை, கணினி படிக்கிறேன். ஆனால் ரீச்சரின் முயற்சிக்கு ஆதரவாக ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். நான் பழைய இலக்கியத்துக்குள் வந்ததே ஒரு படக்கதையால்தான். நேரே மூலத்தைத் தந்திருந்தால் இன்றைக்கு இந்த உரையாடலில் நான் இருந்திருக்க மாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் பயன்சொல்லி ஐயாவைப் போல வாசித்துக் காட்ட ஒருவர் கிடைப்பதில்லை. பல வகுப்புகளில் மூலம் என்றால் கரும்பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதி, கொப்பியில் பார்த்து எழுதுவது மட்டும்தான். அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு வட்ஸ்அப் உரையாடல் பெரிய உதவி.

நான் நயினாதீவு. மணிமேகலையில் வருகிற மணிபல்லவம் எங்கள் தீவுதான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர், மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து மணிபல்லவத்தில் விட்ட இடத்தைப் படிப்பிக்க முன்னர் ஒரு கேள்வி கேட்டார்: "நித்திரையால் எழும்பி, பக்கத்தில் ஒருதரும் இல்லாமல், சுற்றிக் கடல் மட்டும் இருந்தால் என்ன செய்வாய்?" குறிகாட்டுவானில் கடைசிப் படகைத் தவறவிட்ட அனுபவம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. எழுதினோம். எழுதிய பிறகுதான் மணிமேகலை என்ன செய்தாள் என்று பாட்டைத் திறந்தார். அவளுக்கு அமுதசுரபி கிடைக்கிற கோமுகிப் பொய்கை எங்கே இருந்திருக்கும் என்று வகுப்பே ஊரின் படம் வரைந்து சண்டை பிடித்தது.

ரீச்சருக்கு என் யோசனை இதுதான். வட்ஸ்அப் உரையாடலை நீங்கள் எழுத வேண்டாம், மூலத்துக்கு முன்னால் கொடுக்கவும் வேண்டாம். மூலத்தைக் கேட்டு முடித்த பிறகு பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொரு வரியாகத் திரும்பிப் பார்க்காமல் அவர்களால் எழுத முடியாது. அரசன் "யாரையோ நீ" என்று கேட்கிறதைச் செய்தியாக எப்படிப் போடுவது, கோபமாகவா, இரக்கமாகவா? அதைத் தீர்மானிக்கப் பாட்டை விளங்கியே ஆக வேண்டும். எங்கே போனுக்குள் காட்சி அடங்கவில்லை என்று ஐயா சொன்னதையும் பிள்ளைகளே எழுதிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

---

சா/த அம்மா எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் இந்த வருடம் சாதாரண தரம். பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு பாஸ் பேப்பர் என்று ஓடுகிறாள். நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாற்பது நிமிடமும் ஒரு வரியில் நின்று சண்டை பிடித்தால் பாடத்திட்டம் முடியுமா? நாடகம் நடித்ததற்குப் புள்ளி யார் போடுவார்கள்? உண்மையான கவலையோடு கேட்கிறேன்.

---

பயன்சொல்லி எழுதியது:

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. பரீட்சை வருடத்தில் எல்லாப் பாட்டுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ரீச்சர் எடுத்திருப்பது தரம் 9, 10, அதுவும் மன்ற நேரத்தில். சரியான இடம் அதுதான். ஒரு வருடத்தில் இரண்டு பகுதியை இப்படி ஆழமாகச் செய்தால் போதும், மற்றவற்றுக்குப் போகிற வேகம் தானாக வரும்.

புள்ளி பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். விடைத்தாள் திருத்தியவன் நான். "இக்கூற்று யாரால், யாருக்கு, எச்சந்தர்ப்பத்தில் கூறப்பட்டது" என்ற கேள்வியில் மனனம் செய்த பிள்ளைகள் ஆளை மாற்றி எழுதிவிடுவார்கள். நடித்த பிள்ளை ஒருநாளும் மாற்றி எழுதாது. பொழிப்பும் அப்படித்தான், ஒரு சொல் மறந்தால் மனனம் முழுவதும் நின்றுவிடும், காட்சி தெரிந்த பிள்ளை தன் சொல்லால் எழுதி முடிக்கும்.

தீவாள் பிள்ளை, நீங்கள் சொன்ன ஒழுங்கு என்னுடையதைவிட நல்லது. பிள்ளைகள் பிறகு எழுதுவது என்பதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். படக்கதை பற்றியும் மறுக்கவில்லை. வாசித்துக் காட்ட ஆள் இல்லாத வகுப்பில் அது கைகொடுக்கும். ஆனால் ஆசிரியர் வாசிக்கப் பழக முடியாது என்று முடிவு கட்ட வேண்டாம். பயிற்சிக் கலாசாலையில் எனக்கும் யாரோ ஒருவர் வாசித்துக் காட்டியதால்தான் வந்தது. பாவோதல் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார்படுத்துகிற உழைப்பில் கொஞ்சத்தை முழு வகுப்புக்கும் கொடுத்தால் போதும்.

---

வலிகாமம் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கொலைக்களக் காதையைத் திறந்து அந்த இடத்தை வாசித்தேன். இன்று காலை வகுப்பில் வேறு எதுவும் செய்யாமல் அந்த ஒரு பகுதியை மட்டும் உரத்து வாசித்துப் பொருள் சொன்னேன். கேள்வி கேட்ட பெண் பிள்ளைகள் ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருத்தி, "அப்ப ஏன் ரீச்சர் எங்களுக்கு இதைச் சொல்லேல்லை?" என்றாள். இன்னொருத்தி, "அவள் சொன்னதற்குக் கோவலன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அதையும் வாசித்தோம். திரும்ப ஏன் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் செய்யப்போவது இதுதான். அடுத்த கிழமை தாள் கொடுக்காமல் வழக்குரை காதையை வாசிப்பேன். மூத்த சேர் நல்ல குரல் உள்ளவர், அவரையே வந்து வாசிக்கக் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார். நான் பயன் சொல்லுவேன். பிறகு பிள்ளைகள் தெருக்காட்சியை எழுதுவார்கள், வட்ஸ்அப் குழு அதற்குள் போகும். தவணை முடிவில் மன்றத்தில் மேடையேற்றலாம் என்று அதிபரும் சொன்னார். அண்ணாவி வீட்டாருக்கு ஒரு கேள்வி: வாயிற்காவலன் எந்தப் பக்கம்? அவனுக்கு மூல வரியா, பேச்சுத் தமிழா? அவன் கொற்றவை, காளி என்று அடுக்கிக்கொண்டு போகிற பகுதி பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்குமே, விட்டுவிடலாமா?

---

அண்ணாவி வீடு எழுதியது:

விட வேண்டாம் ரீச்சர். கொற்றவையும் இல்லை, காளியும் இல்லை, தாருகனைப் பிளந்தவளும் இல்லை என்று அவன் அடுக்கிக்கொண்டு போவது பயத்தினால். அவ்வளவு தெய்வத்தையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் "கணவனை இழந்தாள் கடையகத்தாளே" என்கிறான். வந்தவள் ஒரு மனுசிதான் என்று தெரிந்ததும் பயம் குறையவில்லை, கூடுகிறது. அந்த அடுக்கு இல்லாவிட்டால் கண்ணகி மேடைக்கு வரும்போது பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

காவலனுக்கு மூல வரியையே கொடுங்கள், ஆனால் வாசலில் இருந்து அரசனிடம் ஓடிவரும் வழியில் தெருவில் நிற்கிறவர்களோடு இரண்டு வசனம் பேச்சுத் தமிழில் பேசலாம். இரண்டு தமிழும் பேசுகிற ஒரே பாத்திரம் அவனாக இருக்கட்டும். கடைசி வாங்கில் இருந்து எழும்பி வாசித்த பெடியன்களில் ஒருவனுக்கு அதைக் கொடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லப் பழக்குங்கள், ஒவ்வொரு "அல்லள்" வரும்போதும் ஒரு அடி பின்னால் வைக்கச் சொல்லுங்கள். தாளம் வேண்டுமென்றால் மத்தளம் வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. ஒத்திகை நாளைச் சொல்லுங்கள், வருகிறோம்.